பொத்துவில் வரை சைக்கிளில்: வழி அறிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் தரம் 10 வகுப்பாசிரியராக இருக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் 22 பிள்ளைகளோடு கல்லடிப் பாலத்தில் தொடங்கி, கரையோர வீதியால் பொத்துவில் வரை மூன்று நாள் சைக்கிள் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். மேடு பள்ளம் இல்லை. ஆனால் தெற்கே போகும்போது கச்சான் காற்று முகத்தில் அறையும். அதனால் விடியற்காலையிலேயே புறப்பட்டு, பத்து மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட எண்ணம்.

போன சனிக்கிழமை களுவாஞ்சிக்குடி வரை ஒத்திகை பார்த்தோம். ஒரு பையனின் பிரேக் கட்டை முழுதாகத் தேய்ந்திருந்தது. வழிநெடுகச் செருப்பைத் தரையில் உரசியே நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறான்! கேட்டால், "பழகிவிட்டது சேர்" என்கிறான். ஆகவே பயணத்துக்கு முன் எல்லாச் சைக்கிளையும் ஒரே நாளில் பார்த்துத் தரக்கூடிய திருத்துநர் ஒருவர் தேவை.

முதல் இரவு காரைதீவு, இரண்டாம் இரவு திருக்கோவில். இரண்டு ஊரிலும் பெண் பிள்ளைகளுக்குத் தனியாகத் தங்க மண்டபமோ பாடசாலையோ கிடைக்குமா? கோமாரிக்கு அப்பால் யானை நடமாட்டம் உண்டு என்பதால், அந்தத் துண்டை எத்தனை மணிக்குக் கடப்பது நல்லது? பின்னால் வர ஒரு சிறிய லொறியும் வேண்டும். டீசல் செலவு எங்களுடையது.