மன்னார்குடி பக்கம் முத்திரை சரியில்லாத குக்கரைத் திருப்பிக் கொடுத்தவங்க இருக்கீங்களா?

அத்தை ஆன்லைன்ல வாங்குன 5 லிட்டர் குக்கர்ல மூடி ஓரமா ஆவி கசியுது. கேஸ்கெட் மாத்தியும் அதேதான். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு, ஆனா அதுக்குக் கீழே இருக்குற சிஎம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா வேற ஏதோ சாமான் செய்யுற கம்பெனி பேரு வருது!

குக்கருக்கு 2021 பிப்ரவரியிலேர்ந்து ஐஎஸ்ஐ கட்டாயம். 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், விதிப்படி இல்லாத 2,265 குக்கரைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுக்கச் சொல்லி ஒரு ஆன்லைன் நிறுவனத்துக்கு உத்தரவே போட்டிருக்கு. நமக்கு வித்தவரோ ரிட்டர்ன் தேதி முடிஞ்சுதுங்கிறார். (வெடிக்கிறதுக்கும் தேதி உண்டோ?)

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணா வேலை நடக்குதா, இல்ல திருவாரூர் நுகர்வோர் ஆணையத்துக்கே போயிடணுமா? பண்ணவங்க சொல்லுங்க. பில் இருக்கு. அத்தை குக்கரைப் பழைய சாமான்காரர்கிட்ட போடப் பாக்குறாங்க, ஆதாரமாச்சேன்னு ஒளிச்சு வச்சிருக்கேன், சீக்கிரம்.