எமல்ஷன் மேல் சன்ஸ்க்ரீன் திரிதிரியாக உருளுது: நம்ம சிங்கப்பூர் வெக்கைக்கு எமல்ஷன் வேணுமா, வேணாமா?

செங்காங்_மைனா

கலப்புச் சருமம். நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும், கன்னம் ஆபீஸ் ஏர்கான்ல இழுத்துப் பிடிக்கும். காலையில போடுற வரிசை: நுரை கிளென்சர், டோனர், சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் உள்ள வைட்டமின் சி சீரம், எமல்ஷன் (மெல்லிசான ஈரப்பூச்சு) மூணு பம்ப், ஜெல் கிரீம், கடைசியா எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 50 சன்ஸ்க்ரீன். எல்லாம் கொரியன் சரக்குதான்.

சன்ஸ்க்ரீன் தேய்க்கும்போதே தாடையோரம் வெள்ளையா திரிதிரியா உருண்டு வருது. புளோக்கை விட்டு இறங்கி எம்ஆர்டி ரயில் நிலையம் போய்ச் சேர்றதுக்குள்ள முகம் பிசுபிசுங்குது. போதாக்குறைக்கு முடிக்கரையோரம் நெற்றியில ஒரே அளவுல பொடிப்பொடியா பரு, அரிப்பும் இருக்கு. எமல்ஷனை நிறுத்தணுமா, கிரீமை நிறுத்தணுமா?

கலவைக்காரன்

இது மூணு தனித்தனிப் பிரச்சினை. மூணுக்கும் பழியை எமல்ஷன் தலையில கட்டாதீங்க.

எமல்ஷனும் கிரீமும் ஒரே குடும்பம். தண்ணிக்குள்ள பொடி எண்ணெய்த் துளிகள், அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேராம பிடிச்சு வைக்க எமல்சிஃபையர். மெல்லிசான எமல்ஷன்ல எண்ணெய்ப் பங்கு பொதுவா 5 முதல் 15 சதவீதம், கிரீம்ல அதுக்கு மேல. ஆக, ஒரே வேலையைச் செய்ற ரெண்டை நீங்க அடுத்தடுத்துப் போடுறீங்க. கொரியாவோட குளிர்காலத்துல காத்து காய்ஞ்சு கிடக்கும், அங்கே ரெண்டும் போடுறதுல அர்த்தம் இருக்கு. இங்கே சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல. காலையில கிரீம் வேண்டாம், எமல்ஷன் மட்டும் போதும்.

இப்ப திரி உருளுற கதைக்கு வர்றேன். ஜெல் கிரீம்களைக் கெட்டியாக்குறது பெரும்பாலும் கார்போமர். அதுக்கு உப்பு ஆகவே ஆகாது, பட்டதும் ஜெல் உடைஞ்சு நீர்த்துப் போகும். சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் ஒரு உப்பு. வியர்வையிலயும் உப்பு. சந்தேகமா இருந்தா புறங்கையில பட்டாணி அளவு ஜெல் கிரீம் வச்சு, மேலே நாலஞ்சு பரல் சாப்பாட்டு உப்பைத் தூவிப் பாருங்க. உப்பு விழுந்த இடம் மட்டும் குழி விழுந்து தண்ணியா ஓடினா ஆள் அதுதான். உடைஞ்ச படலத்து மேல சிலிக்கோன் அதிகமுள்ள சன்ஸ்க்ரீனைப் போட்டு அழுத்தித் தேய்ச்சா, அழிரப்பர் தூள் மாதிரி உருளாம வேற என்ன செய்யும்?

எந்த ஜோடி சண்டை போடுதுன்னு கண்டுபிடிக்க முகத்துல பரிசோதனை வேண்டாம். முன்கையோட உள்பக்கம் மூணு கட்டம்: சீரம் மேல சன்ஸ்க்ரீன், எமல்ஷன் மேல சன்ஸ்க்ரீன், சீரமும் எமல்ஷனும் போட்டு அதுக்கு மேல சன்ஸ்க்ரீன். ஒவ்வொரு அடுக்குக்கும் மூணு நிமிஷம் விட்டு, கடைசியில விரலால பத்துத் தடவை தேய்ங்க. முதல் கட்டத்துலயே உருண்டா சீரத்தை ராத்திரிக்குத் தள்ளிடுங்க. மூணாவதுல மட்டும் உருண்டா அளவும் காயுற நேரமும்தான் பிரச்சினை.

அளவு: மூணு பம்ப் அதிகம். முகத்துக்கு அரை மில்லி தாராளம், உள்ளங்கையில பரப்பினா பத்துக் காசு நாணயத்துக்குள்ள அடங்கணும். முதல்ல கன்னம், தாடை. கையில மிச்சம் ஒட்டியிருக்கிறதை நெற்றி, மூக்குல ஒத்தி எடுத்தா முடிஞ்சது. குளியலறைக்குள்ளயே நின்னு போடாதீங்க, அங்கே ஆவி நிறைஞ்சிருக்கும், தண்ணி எங்கே ஆவியாகும்? வெளியே வந்து மின்விசிறிக்குக் கீழே அஞ்சு நிமிஷம். புறங்கையைக் கன்னத்துல வச்சா வழுக்காம லேசா ஒட்டணும், அந்தப் பதம் வந்தப்புறம் சன்ஸ்க்ரீன்.

சன்ஸ்க்ரீன் உருளுதேன்னு அதைக் குறைச்சிடாதீங்க. பாட்டில்ல போட்டிருக்கிற எஸ்பிஎஃப், சதுர செமீக்கு 2 மில்லிகிராம் கணக்குல சோதிச்சது. முகத்துக்கு மட்டும் கால் டீஸ்பூன் வரும். அதை ரெண்டு தவணையாப் பிரிச்சு, தேய்க்காம ஒத்தி ஒத்திப் போடுங்க.

காலாங்_கற்றாழை

நெற்றிக்கு மட்டும் நான் சொல்றேன். ஒரே அளவு, அரிப்பு, முடிக்கரையோரம், வியர்த்தா கூடுது: இது சாதாரணப் பருவா இல்லாம மலசீசியா பூஞ்சையால வர்ற மயிர்க்கால் அழற்சியா இருக்கலாம். அந்தப் பூஞ்சை தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்காது, நம்ம தோல் மேல இருக்கிற கொழுப்பைத் தின்னுதான் வாழுது. அதனால எமல்ஷன் லேபிள்ல ஐசோபுரோபில் மிரிஸ்டேட், ஆலிவ் எண்ணெய், பாலிசார்பேட் மாதிரிப் பேர்கள் இருக்கான்னு பாருங்க. ஸ்குவாலேன், மினரல் ஆயில் ரெண்டும் அதுக்குத் தீனி ஆகாது. கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடும் பொதுவா பிரச்சினை பண்றதில்ல, அதுல இருக்கிற அமிலங்கள் நீளம் குறைஞ்சவை.

ஆனா லேபிளைப் புரட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிறீங்களா? அதுல ஏறக்குறைய பாதி லாரிக்ங்கிற கொழுப்பு அமிலம்தான். மதிய வெயில்ல வியர்வையோட முடிக்கரை வழியா நெற்றிக்கு இறங்கும், ராத்திரி தலையணை உறையில ஒட்டி கன்னத்துக்கும் வரும். எமல்ஷனை மாத்தி மாத்திக் காசைக் கொட்டுறவங்க எண்ணெயை மறந்துடுறாங்க. ஒரு மாசம் எண்ணெயைக் குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மட்டும் வச்சு அலசிடுங்க. அப்பவும் அடங்கலைன்னா பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) டாக்டர்கிட்ட காட்டுங்க, பூஞ்சைக்குத் தனி மருந்து இருக்கு. பரு மருந்தை நீங்களா வாங்கித் தடவாதீங்க. நம்ம நிறத்துக்குக் கிள்ளினாலும் எரிஞ்சாலும் கரும்புள்ளி மாசக்கணக்குல நிக்கும்.

ஜூரோங்_ஜோ

கிரீம் வேண்டாம்னு கலவைக்காரன் அண்ணன் சொன்னதுல எனக்குப் பாதிதான் சம்மதம். காலையில சரி. நாள் முழுக்க ஏர்கான் காத்து நேரா முகத்துல அடிக்கிற இடத்துல உட்கார்றவங்களுக்கு, ராத்திரி எமல்ஷன் ரெண்டு பம்ப், அது மேல கன்னத்துல மட்டும் கிரீம், இதுதான் ஒத்து வரும். முகம் முழுக்க ஒரே மாதிரி பூசணும்னு சட்டமா என்ன?

வாங்கும்போது பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. கொரியன் செட்டுல 'ஸ்கின்'னு இருந்தா டோனர், 'லோஷன்'னு இருந்தா அதுதான் எமல்ஷன். ஜப்பான் சரக்குல 'லோஷன்'னா தண்ணி மாதிரி டோனர். பக்கத்துப் பக்கத்து அலமாரியில ரெண்டையும் அடுக்கி வச்சிருப்பாங்க, டோனரையே ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போறவங்க உண்டு.

இன்னொண்ணு, பட்டியல்ல செட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால்னு பார்த்து பயப்பட வேண்டாம், அதெல்லாம் மெழுகு மாதிரி கெட்டியாக்குற பொருள். தோலை உலர்த்துறது டினேச்சர்டு ஆல்கஹால். அது பட்டியல்ல முதல் நாலஞ்சு பேருக்குள்ள வந்தா கன்னம் இழுக்கிறவங்களுக்கு ஆகாது.

செங்காங்_மைனா

எண்ணெய் தினமும் வைக்கிறது உண்மைதான். கைக்கட்டம் போட்டுப் பார்த்ததுல முதல் கட்டமே உருளுது, சீரம் ராத்திரிக்குப் போகுது. பிசுபிசுப்புக்கு வேற ஏதாவது? அப்புறம், குளியலறை ஜன்னல்ல வெயில் படுற இடத்துல வச்ச எமல்ஷன் பாட்டில்ல தண்ணி தனியா நிக்குது. குலுக்கிப் போடலாமா?

கலவைக்காரன்

குலுக்கினா கலந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். துளிகள் ஒருமுறை சேர்ந்துட்டா பழையபடி பிரியாது. கெடாம காக்குற பதப்பொருளும் எந்தப் பக்கம் போச்சோ, தூக்கிப் போடுங்க. புதுசைப் படுக்கையறை அலமாரியில வையுங்க. ஃபிரிட்ஜ் தேவையில்ல, அதுவும் பின்சுவரை ஒட்டி வச்சு உறைஞ்சுட்டா மறுபடியும் இதே கதிதான். பாட்டில் மேல இருக்கிற திறந்த டப்பா படத்துக்குள்ள 12எம்னு போட்டிருந்தா, திறந்த நாள்ல இருந்து 12 மாசம். மூடியில தேதியை எழுதி ஒட்டிடுங்க.

பிசுபிசுப்புக்குக் காரணம் கிளிசரின். ஈரக் காத்துல அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், விடாது. டோனர், சீரம், எமல்ஷன் மூணுலயும் பட்டியல்ல தண்ணிக்கு அடுத்து கிளிசரினே நின்னா பிசுபிசுப்பு கூடிக்கிட்டே போகும். காலையில டோனரை விட்டுப் பாருங்க. அப்பவும் குறையலைன்னா அடுத்த தடவை கிளிசரின் பின்னால தள்ளி இருக்கிற எமல்ஷனா எடுங்க.