மறு: 'அழகியல் அடையாளம்' வேண்டாம், 'கோலம்' என்போம்

> இணையத்தில் இளையோர் சூட்டிக்கொள்ளும் காட்டேஜ்கோர் (நாட்டுப்புற வாழ்க்கைத் தோற்றம்), டார்க் அகாடெமியா (பழைய நூலகத் தோற்றம்) போன்ற பெயர்களுக்கு 'அழகியல் அடையாளம்' என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன். துணைப்பண்பாடு (ஒரு சமூகத்துக்குள் தனி வழக்கங்களோடு இயங்கும் சிறு கூட்டத்தின் பண்பாடு) என்ற சொல்லோடு சேர்ந்து வழங்கவும் ஏதுவாக இருக்கும்.

ஐயா, வணக்கம். நம் குழுவின் கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் மேலே முன்வைத்த தொடர் பற்றி எழுதுகிறேன்.

துணைப்பண்பாடு பற்றி எனக்கு மறுப்பில்லை. உட்பண்பாடு, கிளைப்பண்பாடு என்றெல்லாம் இங்கே முன்பு ஓடிய பேச்சையும் படித்தேன். பாடநூல்களில் துணைப்பண்பாடு ஊன்றிவிட்டது, மாணவர்களுக்கும் புரிகிறது. அதை அசைக்க வேண்டாம். என் மறுப்பெல்லாம் 'அடையாளம்' மேல்தான். மதுரையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாள் முழுக்க இருப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று மச்சத்தையும் தழும்பையும் எழுதுகிறோம். அடையாள அட்டை, அடையாள அணிவகுப்பு என்கிறோம். ஆளோடு ஒட்டியது, எளிதில் போகாதது, இன்னார் என்று காட்டிக்கொடுப்பது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஊறிக்கிடக்கிறது. ஒரு பெண் சில மாதங்கள் பழுப்பு நிற உடை, பழைய புத்தகம், மெழுகுவர்த்தி என்று படம் போடுகிறாள். அது அவளுடைய அடையாளம் என்று நாம் பதிந்துவிட்டால், அவள் அலுத்துப்போய் அதை விடும்போது என்ன சொல்வோம்? அடையாளத்தைத் தொலைத்துவிட்டாள் என்றா? தன்னை யார் என்று தேடிக்கொண்டிருக்கும் வயதில் அது பெரிய சுமை.

இந்தப் பெயர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் என் தயக்கம் விளங்கும். பிரிட்டனில் மாட், பங்க், கோத் என்று பேசப்பட்ட இளைஞர் துணைப்பண்பாடுகளுக்குத் தெரு இருந்தது, கச்சேரி இருந்தது, ஒன்றாகக் கூடி நிற்கும் ஆட்கள் இருந்தார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையம் அப்படிப்பட்ட கூட்டங்களை உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தது. இப்போது வரும் பெயர்களுக்கு அப்படிக் கூட்டம் சேர வேண்டியதில்லை. காட்டேஜ்கோர் 2018 வாக்கில் டம்ப்ளர் என்ற சமூக வலைத்தளத்தில் புழங்கத் தொடங்கி, 2020 ஊரடங்கில் உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் அதே ஆண்டு ஜூன் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது, ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, பிள்ளைகள் அங்கே குடிபோனார்கள். ஒரு படம் நாலு பேர் கண்ணில் படவேண்டுமென்றால் அதற்கு ஒரு சிட்டை (ஹேஷ்டேக்) வேண்டும். சிட்டையைத் தட்டினால் படம் படமாகக் கொட்டுகிறது. அவற்றைப் போல எடுத்தால்தான் அந்தச் சிட்டைக்குள் எடுபடும். அப்புறம் புதிதாக வருகிறவர் அந்தப் படத்தையும் பார்த்துத்தான் தன்னுடையதை அமைக்கிறார். இப்படிச் சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே அச்சாகிவிடுகிறது.

என்னிடம் படிக்கும் ஒரு மாணவி மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். (அவளிடம் கேட்டுக்கொண்டு, ஆள் தெரியாமல் எழுதுகிறேன்.) ஓட்டு வீடு, திண்ணை, வாசலில் வேப்பமரம், கொல்லைக்கு அந்தப் பக்கம் பெரியாற்று வாய்க்கால் பாயும் வயல். நாட்டுப்புற வாழ்க்கையைக் கொண்டாடுவதுதான் காட்டேஜ்கோர் என்றால் அவள் அதற்குள்ளேயே பிறந்தவள். ஆனால் அவள் காட்டிய படங்களில் அந்த வீடு இல்லை. ஒரு ஜன்னலோரம் மட்டும் தெரிகிறது. லேஸ் துணி, பீங்கான் கோப்பை, ரொட்டி, டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பிளாஸ்டிக் லாவண்டர். பக்கத்தில் இருந்த குடத்தை நகர்த்திவைத்துவிட்டு எடுத்தாளாம். அவள் அத்தை திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அது செட் ஆகாது மிஸ். அது வில்லேஜ் மாதிரி இருக்கும்" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு வலித்தது. கிராமத்தைக் கொண்டாடும் பெயருக்காக ஒரு கிராமத்துப் பெண் தன் கிராமத்தையே ஒதுக்கிவைக்கிறாள். அதே சமயம், காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் துணிமேல் விழுவதை அவள் எடுத்திருந்த விதம் அபாரம். அதைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பெயர்தான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, அந்தப் படங்களைப் பற்றி இடைவேளை முழுக்கப் பேசினாள். அவளிடமிருந்து பெயரைப் பிடுங்கிவிட்டால் தனித்தன்மை தானாக வெளியே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. உள்ளே போனவள் வெளியே வர வழி இருக்க வேண்டும், வந்தால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. நாம் ஆக்கும் சொல்லும் அதற்கு இடம் விட வேண்டும்.

அப்படி இடம் விடும் சொல் கோலம். மணக்கோலம், தவக்கோலம், மாறுகோலம், அலங்கோலம் எல்லாம் வழக்கில் இருப்பவை. உடை, முடி, நகை, கையில் இருக்கும் பொருள், நிற்கும் நிலை எல்லாம் சேர்ந்த முழுத் தோற்றம் கோலம். 'பாணி' என்றால் செய்யும் முறை என்றுதான் முதலில் தோன்றும். பாட்டுக்கும் எழுத்துக்கும் பொருந்தும், ஒரு அறையை அலங்கரித்து அதில் உட்கார்ந்து படம் எடுப்பதற்குப் பொருந்தாது. 'அழகியல்' ஒரு மெய்யியல் துறையின் பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம். வீட்டில் அப்பா அம்மா பிள்ளையைப் பார்த்துக் கேட்பதும் "இது என்ன கோலம்?" என்றுதானே!

சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். அழகர் மலையை விட்டு இறங்கும்போது கள்ளர் திருக்கோலம், கொண்டையும் கையில் கம்புமாக. தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடி, தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் கோலங்கள். கடைசியில் பூப்பல்லக்கு. ஒவ்வொன்றையும் சனம் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்கிறது. இதில் எது உண்மையான அழகர் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே அந்தத் தோற்றத்தொகுதிக்குக் கோலம், அதற்கு வைக்கும் பெயருக்குக் கோலப்பெயர். இது என் முன்மொழிவு.

---

> அப்படி இடம் விடும் சொல் கோலம்.

டீச்சர் அம்மாவுக்கு உசிலம்பட்டியிலிருந்து வணக்கம்.

கோலம் என்றதும் பத்துக்கு ஒன்பது பேருக்கு வாசலில் போடும் மாக்கோலம்தான் நினைவு வரும். கோலப்பெயர் என்றால் சிக்குக்கோலம், புள்ளிக்கோலம் என்று வகைபிரிப்பதாக நினைப்பார்கள். 'வேடம்' இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு? வேடம் என்றால் போலி என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன அதே திருவிழாவில் எங்கள் ஆட்கள் அழகர் வேடம் போட்டு, தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். விரதமிருந்து, நேர்ந்துகொண்டு போடும் வேடம் அது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. உங்கள் மாணவி தானே ஒரு பெயரைத் தேடிப் போனாள். என் தம்பி முடிதிருத்தகம் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. பையன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டுவான். காதுக்கு மேலே ஒட்ட எடுத்து, நெற்றியில் முடி விழ விட்டு, பக்கத்தில் பிளேடால் ஒரு கோடு. கண்ணாடியில் முன்னே பின்னே பார்த்து, பிடரிக்கு இன்னொரு கண்ணாடி காட்டச் சொல்லி, செல்ஃபி எடுத்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பான். திங்கட்கிழமை காலை அதே பையன் பள்ளிச் சீருடையில் திரும்பி வருவான். வாசலிலேயே நிறுத்தி, வெட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார்கள். தம்பி மெஷினை வைத்து வழித்துவிடுவான், காசு வாங்கமாட்டான். அந்தப் பையனை வாத்தியார் கூப்பிடும் பெயர், தெருவில் கூப்பிடும் பெயர், பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடும் பெயர் எல்லாம் ஒன்றுதான்: புள்ளிங்கோ.

அதே வெட்டை ஐ.டி. கம்பெனிப் பையன் மதுரையில் ஏசி சலூனில் வெட்டிக்கொண்டு வந்தால் அதற்கு ஃபேடு என்று பெயர். அவனை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. இந்த இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அநியாயம் அம்மா. உங்கள் கோலத்தில் கழற்றிவைக்க இடம் இருக்கிறது என்கிறீர்கள். இந்தப் பையன் முடியையே வழித்துவிட்டான், பெயர் மட்டும் போகவில்லையே?

---

> இந்தப் பையன் முடியையே வழித்துவிட்டான், பெயர் மட்டும் போகவில்லையே?

உசிலம்பட்டி அண்ணனுக்கு வணக்கம்.

இந்த ஒரு வரிக்காகவே உங்கள் மடலைக் குழுவின் எல்லாரும் படிக்க வேண்டும். நாம் தேடுவது ஒரு சொல் இல்லை, இரண்டு என்பதை அது காட்டிவிட்டது.

முதலில் வேடம். அழகர் வேடம் நேர்த்திக்கடன், அதில் பொய்யில்லை என்பது சரி. ஆனால் அந்த வேடத்துக்குள் இருப்பவர் இன்னொருவராகிறார், அழகராகவே பார்க்கப்படுகிறார். வேடம் என்றாலே அப்படி இன்னொரு ஆள் தேவைப்படுகிறது. என் மாணவி வேறு யாராகவும் நடிக்கவில்லை. தன்னைத்தான் ஒருவிதமாக அமைத்துப் பார்க்கிறாள். அதற்குக் கோலமே பொருத்தம். மாக்கோலக் குழப்பம் தனிச்சொல்லாக நிற்கும்போது வரலாம். மணக்கோலம் என்று அழைப்பிதழில் படிக்கும் யாரும் அரிசி மாவை நினைப்பதில்லை.

இப்போது புள்ளிங்கோ. சென்னைப் பேச்சில் பிள்ளைகள் என்பதுதான் புள்ளிங்கோ. நம்ம புள்ளிங்கோ என்று தோழமையோடு தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சொல். கானாப் பாட்டிலும் வீடியோக்களிலும் ஊர் ஊராகப் பரவியபோது, வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதை ஏளனத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சொல் ஒன்றுதான், சொல்லும் வாய் மாறிவிட்டது. பையன்கள் சொன்னபோது கோலப்பெயர். வாத்தியாரும் கண்டக்டரும் சொல்லும்போது அது முத்திரை. முத்திரை குத்துவது என்று நாமே பேச்சில் சொல்கிறோம், புதிதாக ஆக்கக்கூட வேண்டியதில்லை. ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1963இல் எழுதியதும் இதைத்தான்: பிறழ்வு (விதிமீறிய நடத்தை) என்பது ஒரு செயலில் தானாக இருப்பதில்லை, அதிகாரம் உள்ளவர்கள் விதியை வகுத்து, அதை ஒருவர்மேல் செலுத்தி, வெளியாள் என்று பெயர் சூட்டுவதால் உண்டாகிறது. காது ஓரத்தில் ஒரு கோடு பிறழ்வா ஃபேஷனா என்பதை உங்கள் தம்பியின் கத்தரி தீர்மானிப்பதில்லை.

எழுபதுகளில் காது மறைய முடி வளர்த்தவர்களை ஹிப்பி என்று திட்டிய வீடுகள் இங்கே ஏராளம். அமெரிக்காவில் ஹிப்பி என்றால் யார், எதற்காக என்று திட்டியவருக்கும் தெரியாது, திட்டு வாங்கியவருக்கும் தெரியாது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பின்னால் முடியை வெட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், பெயரும் போய்விட்டது. இன்றைய பையனின் படம் யாரோ ஒருவருடைய போனில் இருக்கிறது, கிண்டல் வீடியோவாகச் சுற்றுகிறது. கழற்றிவைப்பது முன்பைவிடக் கடினம். இதைப் பதிவின் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளை வெறும் பலியாட்களாகவும் எழுதிவிடக் கூடாது. கான்ஸ்டன்டைன் நகாசிஸ் என்ற மானிடவியலாளர் மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்களோடு பழகி ஆய்ந்து 2016இல் ஒரு நூல் வெளியிட்டார். மாணவர்கள் வாயில் புழங்கும் 'ஸ்டைல்' என்ற சொல்தான் அதன் மையம். தனித்துத் தெரியவும் வேண்டும், கூட்டாளிகளைவிட ரொம்ப மேலே போய்விடவும் கூடாது; போனால் 'ஓவர் ஸ்டைல்', 'சீன் போடுறான்' என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். தனித்தன்மையை அவர்கள் தங்களுக்குள் அளந்து அளந்துதான் வைத்துக்கொள்கிறார்கள். என் வகுப்பறையிலும் அதையே பார்க்கிறேன். அந்த அளவை அவர்கள் கையிலேயே விட்டுவைப்பது நல்லது. வெளியிலிருந்து வரும் முத்திரை அதைப் பிடுங்கிவிடுகிறது. சிட்டையும் வேறு விதத்தில் அதைச் செய்யத்தான் பார்க்கிறது, மல்லிகையை ஒதுக்கிவைக்கச் சொல்வதன் மூலம்.

தனித்தனிப் பெயர்களைத் தமிழாக்கலாமா என்று ஐயா முன்பு கேட்டிருந்தார். பங்க், கோத் அப்படியே இருக்கட்டும். '-கோர்' என்ற பின்னொட்டு ஹார்ட்கோர் என்பதிலிருந்து கிளைத்தது, இப்போது அது ஒரு தோற்றவகையைக் குறிக்கத்தான் ஒட்டப்படுகிறது. அந்த இடத்தில் கோலம் இயல்பாக உட்காரும். டார்க் அகாடெமியாவுக்கு நூலகக்கோலம் எனக்குப் பிடித்திருக்கிறது. காட்டேஜ்கோருக்கு நாட்டுப்புறக்கோலம் என்று போட எனக்கு ஆசை. அப்படிப் போட்டால் திண்ணையையும் குடத்தையும் அதற்குள் கொண்டுவர ஒரு பிள்ளைக்காவது துணிச்சல் வரும்.

பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோலம்: உடை, நிறம், பொருள், இடம் முதலியவை சேர்ந்து அமையும், ஒருவர் விரும்பி ஏற்றுக் களையக்கூடிய தோற்றத்தொகுதி. கோலப்பெயர்: அதற்கு அதை ஏற்பவர்கள் வழங்கும் பெயர். முத்திரை: அதே பெயரோ வேறு பெயரோ, பிறரால் சுமத்தப்பட்டு, கோலத்தைக் களைந்த பின்னும் ஒட்டியிருப்பது. எடுத்துக்காட்டாகப் புள்ளிங்கோவைக் கோலப்பெயர், முத்திரை இரண்டின் கீழும் தரலாம்.

ஐயாவும் அண்ணனும் பார்த்து, மறுப்பு இருந்தால் பட்டியலை முடிக்கும் முன் எழுதுங்கள். 'ஏற்பவர்கள் வழங்கும்' என்ற தொடர் எனக்கே இன்னும் இறுக்கமாகப் படுகிறது. வேறு நல்ல தொடர் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.