250 கிராம் மா எத்தனை சுண்டு?

மல்லிகைப்பந்தல்:
பட்டர் கேக் குறிப்பு ஒண்டில பட்டர் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை 5 எண்டு கிடக்கு. வீட்டில தராசு இல்லை, அரிசி அளக்கிற சுண்டு மட்டும்தான். ஒரு கிலோ அரிசி நாலு சுண்டு வருது. அப்ப ஒரு சுண்டு 250 கிராம்தானே? மூண்டிலும் ஒவ்வொரு சுண்டு போட்டால் சரிவருமோ?

கோண்டாவில் குசினி:
வராது தங்கச்சி. அந்த 250 அரிசிக்குத்தான் பொருந்தும். ஒரே சுண்டுக்குள்ள சீனி பாரமாய் இருக்கும், மா லேசாய் இருக்கும்.

முதல்ல உங்கட சுண்டு எவ்வளவு கொள்ளும் எண்டு பாருங்கோ. பிள்ளையளின்ர பால்போத்தலில கோடு இருக்கும், அதால தண்ணி அளந்து விளிம்பு மட்டும் ஊத்துங்கோ. பால்பேணியில செய்த சுண்டு எண்டால் 300 மில்லிலீற்றர் அளவில நிக்கும். அதில தலைதட்டினால் சீனி ஏறக்குறைய 255 கிராம், கோதுமை மா 155 கிராம்தான். மூண்டையும் ஒவ்வொரு சுண்டு போட்டால் மா 95 கிராம் குறைஞ்சுபோம். கேக் பொங்கி எழும்பிப்போட்டு நடுவில இறங்கும், ஓரம் பிசுபிசுக்கும், அடியில எண்ணெய் நிக்கும்.

ஆனபடியால் சீனி ஒரு சுண்டு, மா ஒண்டரைச் சுண்டும் மேலே 2 மேசைக்கரண்டியும். பட்டரை முதல்ல உறையில பாருங்கோ: 200 கிராம் கட்டியும் வருது, 227 கிராம் கட்டியும் வருது. வெட்டின துண்டெண்டால் அளவுக்கோடு போட்ட ஒரு லீற்றர் ஜக்கில 500 மில்லிலீற்றர் குளிர்தண்ணி விட்டு, பட்டரைப் போட்டு, மிதக்கிறதைக் கரண்டியால தண்ணிக்குக் கீழ அமத்துங்கோ. தண்ணி 775க்குக் கிட்ட வந்தால் 250 கிராம். பிறகு ஈரத்தைத் துடைச்சு எடுங்கோ.

அரிதட்டு:
அக்கா சொன்ன 155, மாவைக் கரண்டியால மெல்லமாய்ப் போட்டு, கத்தி முதுகால வழிச்சு அளந்தால் வாறது. சுண்டை மா பையுக்குள்ள குத்தி அள்ளி, மேசையில தட்டினால் அதே சுண்டு 190 கிராமுக்கும் போகும். கேக் காய்ஞ்சு உதிர்றது கனக்க இதாலதான். "அரிச்ச மா ஒரு கப்" எண்டால் அரிச்சபிறகு அளக்க வேணும், "ஒரு கப் மா, அரிச்சது" எண்டால் அளந்தபிறகு அரிக்க வேணும்.

புட்டு மா, இடியப்ப மாவுக்கு நான் எந்த அட்டவணையையும் நம்பச் சொல்லமாட்டன். அவிச்ச கோதுமை மா ஈரத்தோட கட்டியாய் இருக்கும், வறுத்த அரிசி மா வறுத்த பதத்தைப் பொறுத்து மாறும். தோசைக்கு உழுந்தும் அரிசியும் ஒரே சுண்டால அளந்தால் கிராமே தேவையில்லை, விகிதம் தானாய் நிக்கும். கிராமையும் சுண்டையும் ஒரே குறிப்பில கலக்கிறபோதுதான் பிழைக்குது.

பனங்கட்டி:
வெளிநாட்டிலயிருந்து வாற குறிப்பெண்டால் இன்னும் கவனம். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில 15. பழைய கொப்பிகளில 1 இறாத்தல் எண்டால் 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். 8 அவுன்ஸ் மா எண்டதை ஒரு கப் எண்டு எடுக்காதேங்கோ. ஒரு கப்பில 8 அவுன்ஸ் நிக்கிறது தண்ணிதான், மா நாலரை அவுன்ஸ்கூட வராது.

மல்லிகைப்பந்தல்:
நன்றி. பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி எண்டு கிடக்கு. தேத்தண்ணி கலக்கிற கரண்டியால போடலாமோ?

கோண்டாவில் குசினி:
வேண்டாம், அந்தக் கரண்டியள் ஒண்டுக்கொண்டு மாறும். பாணி மருந்தோட வாற 5 மில்லிலீற்றர் கரண்டியைக் கழுவி, நல்லாய் ஈரம் போகத் துடைச்சு, பவுடரைத் தலைதட்டிப் போடுங்கோ. ஒரு கரண்டி 4 கிராம் அளவில வரும், 250 கிராம் மாவுக்கு இரண்டு காணும். கூடினால் மேல வெடிச்சு, வாயில ஒரு கசப்பு நிக்கும்.