அம்மாவுக்கு முதுகில் நீர் எடுத்துப் பார்த்தோம்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

அம்மாவுக்கு 61 வயதில் ஆரம்பித்தது. மறதியே இல்லை, அதுதான் குழப்பம். போன வாரம் யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு பணம் தர வேண்டும், எல்லாம் சரியாகச் சொல்வார். ஆனால் எதிரே இருக்கும் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால், நாலு விரல் தள்ளி வெறும் காற்றைப் பிடிப்பார். படிக்கும்போது வரி தவறிவிடும். மூன்று முறை கண்ணாடி மாற்றினோம். கண்ணில் கோளாறே இல்லை என்றார்கள். அப்புறம் ஒருவர் மனச்சோர்வு என்று சொல்ல, எட்டு மாதம் அதற்கு மாத்திரை. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பின்பக்கம் லேசாகச் சுருங்கியிருப்பதாக எழுதியிருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதுகுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னதும், நடக்க முடியாமல் போய்விடுமோ என்றுதான் முதலில் கேட்டேன். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே நரம்பிழைகள் மட்டும் நீரில் மிதக்கும் இடத்தில்தான் ஊசி போகும் என்று தாளில் வரைந்து காட்டினார்.

அம்மா ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டார். நான் தலைமாட்டில் கையைப் பிடித்தபடி நின்றேன். மரத்துப்போகப் போட்ட ஊசிதான் சுருக்கென்றது என்றார். நீர் சொட்டுச் சொட்டாக, குடிக்கிற தண்ணீர் போலத் தெளிவாக விழுந்தது. அதைப் பிடித்தது பாலிபுரோப்பிலீன் குழாயில். கண்ணாடிக் குழாயென்றால், அவர்கள் அளக்கப்போகும் அமிலாய்டு என்ற மூளைப் புரதம் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகத் தெரியுமாம். எடுத்தது 10 மி.லி. போல. உடம்பு ஒரு நாளைக்கே அரை லிட்டர் சுரக்கிறது என்று கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

முடிவில் அமிலாய்டு பீட்டா 42 என்ற அமிலாய்டு வகை குறைவு, நரம்பு செல்களில் இருக்கும் டாவ் என்ற புரதமும் அதன் மாறிய வடிவமான பாஸ்போ டாவும் அதிகம். குறைவென்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படியில்லை. அமிலாய்டு மூளையிலேயே படிந்து தங்கிவிடுவதால்தான் நீரில் குறைகிறது. ஆக, அல்சைமர். கண் பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் பின்பகுதியில் தொடங்கியிருக்கிறது.

அன்றைக்கு அழுதேன். ஆனால் "பார்த்து எடும்மா" என்று எரிந்து விழுவது அன்றோடு நின்றது. இப்போது டம்ளரை அவர் கையிலேயே கொடுக்கிறோம். படி விளிம்புகளில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். அந்த எட்டு மாதமும் அவரிடம் கோபப்பட்டதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

பதில்:
எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. அப்பாவுக்கு 57 வயது. துக்க வீட்டில் சத்தமாகச் சிரித்தார், தெரியாதவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். அல்சைமர் என்று முடிவு செய்து அதற்கான டோனெபெசில் மாத்திரை கொடுத்தார்கள். படபடப்பு இன்னும் கூடியது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் நீர் எடுக்கச் சொன்னார். அமிலாய்டும் பாஸ்போ டாவும் இயல்பான அளவு. நியூரோஃபிலமென்ட் என்ற நரம்பு செல் புரதம் மட்டும் மிக அதிகம். நரம்பு செல்கள் சிதைகின்றன என்றுதான் அது சொல்லும், எந்த நோயால் என்று சொல்லாது. மூளையின் இயக்கத்தைக் காட்டும் பெட் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, முன்மூளையைத் தாக்கும் டிமென்ஷியா, அதாவது மூளைத் திறன் குறைந்துகொண்டே போகும் நோய் என்றார். மாத்திரையை நிறுத்தினோம், படபடப்பு தணிந்தது. "இது இல்லை" என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய உதவி.

பதில்:
பாட்டிக்கு 84. நாங்களாகக் கேட்டும் மருத்துவர் வேண்டாம் என்றார். அந்த வயதில் ஞாபகம் தெளிவாக உள்ள பலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு எடுக்கிறார், ஊசி போட அதை நிறுத்த வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் கவனிப்பு மாறப்போவதில்லை என்றார். சரி என்று விட்டுவிட்டோம். தலைவலி வருமா என்று மட்டும் சொல்லுங்கள், என் மாமனாருக்கு அடுத்த வாரம் எடுக்கிறார்கள்.

மீண்டும் நான்:
அம்மாவுக்கு இரண்டு நாள் இருந்தது. உட்கார்ந்தால் வரும், படுத்தால் போய்விடும். கூர்முனை ஊசிக்குப் பதில் பென்சில் முனை மாதிரி ஊசி இருக்கிறது, அதில் தலைவலி குறைவு. மாமனாருக்கு அதைப் போட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நாலைந்து நாளாகியும் விடாவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.