மக்கா ஷெரீஃப் வெள்ளக்காரன் கூட சேந்து துருக்கிய எதுத்தப்ப நம்மாளுங்களுக்கு ஏன் அவ்ளோ கோவம்?

பேட்டைப்பையன்:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். நான் பாளையங்கோட்டைல பிகாம் படிக்கேன், ஹிஸ்டரிக்கும் எனக்கும் ஒட்டும் கெடையாது உறவும் கெடையாது, ஆனா நேத்து மேலப்பாளையத்துல டீ குடிக்கும்போது ஒரு சண்டை வந்துட்டு. என் கூட்டாளி சொல்லுதான், முதல் உலகப்போர்ல அரபிங்க துருக்கிக்காரன எதுத்தது நம்ம வ.உ.சி. வெள்ளக்காரன எதுத்த மாதிரிதான், அதுக்கு எதுக்கு இங்க உள்ள முஸ்லிம்கள், துருக்கிக்கு கீழ மக்காவ ஆண்ட ஷெரீஃப் ஹுசைன திட்டணும்னு. வீட்டுக்கு வந்து வாப்பாட்ட கேட்டா "அது கூலிக்கு மாரடிச்ச கதைடே"ன்னு ஒத்த வரில முடிச்சிட்டாவ, மேல கேட்டா பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிட்டாவ. ஷெரீஃபு நபி வம்சம்னு வேற சொல்லுதாங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

தென்காசி வாத்தியார்:

தம்பி, வாப்பா சொன்னாவளே கூலி, அதுலருந்தே ஆரம்பிக்கேன், நீ பிகாம் வேற, கணக்கு சீக்கிரம் புரியும். பிரிட்டிஷ்காரன் ஷெரீஃபுக்கு மாசாமாசம் குடுத்தது 1,25,000 பவுண்டு, பெரும்பாலும் தங்கமாவே போச்சி. பிறவு அது இன்னும் ஏறுச்சி. நாம நகைக்கடைல பவுன் பவுன்னு சொல்லுதோமே, 8 கிராம், அது வெள்ளக்காரன் தங்கக்காசோட எடைதான். இப்ப பெருக்கிப்பாரு, மாசம் ஒண்ணுக்கு கிட்டத்தட்ட ஒரு டன் தங்கம் வரும்.

எதுக்கு குடுத்தான்னா, 1914 நவம்பர்ல துருக்கி சுல்தான், அவருதான் அப்ப கலீஃபா, அதாவது முஸ்லிம்களுக்கு தலைவர், வெள்ளக்காரனுக்கு எதிரா ஜிஹாதுன்னு அறிவிச்சிட்டாரு. 1911 கணக்குப்படி இந்தியாவுல மட்டும் ஆறரை கோடிக்கு மேல முஸ்லிம்கள், பட்டாளத்துலயும் ஏகப்பட்ட பேரு, வெள்ளக்காரனுக்கு வயித்த கலக்காம என்ன செய்யும். கலீஃபா சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லணும்னா அது மக்காவுலருந்துதான் வரணும், டெல்லிலருந்து சொன்னா எவன் கேப்பான்? பிரிட்டிஷ் போர் மந்திரி கிச்சனர் 1914 அக்டோபர் கடைசிலயே ஹுசைன் பக்கம் தூண்டில் போட்டுட்டாரு, நல்ல அரபி ரத்தம் உள்ள ஒருத்தரு கலீஃபா ஆனாலும் ஆவலாம்ங்கற மாதிரி. பிறவு எகிப்துல இருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் மெக்மஹோனும் ஹுசைனும் 1915 ஜூலைலருந்து 1916 மார்ச் வரைக்கும் 10 கடுதாசி. 1916 ஜூன் 10ந்தேதி மக்காவுலயே துப்பாக்கி வெடிச்சிது.

இப்ப கோவத்துக்கு வாரேன். போர் தொடங்குன நேரத்துல வெள்ளக்காரன் இந்திய முஸ்லிம்களுக்கு ஒரு வாக்கு குடுத்திருந்தான், அரேபியாவுல உள்ள புனித இடங்களயும் ஜித்தாவயும் தாக்க மாட்டோம்னு. ஆனா ஷெரீஃப் எந்திரிச்ச ஒரு வாரத்துக்குள்ள ஜித்தா விழுந்துட்டு, கடல்லருந்து சுட்டது யாரு, பிரிட்டிஷ் போர்க்கப்பல். மக்காவுல கோட்டைக்குள்ள இருந்த துருக்கிப்படை திருப்பிச் சுட்டதுல காபா திரைல தீ புடிச்சிதுன்னு ஷெரீஃபே அறிக்கை விட்டாரு, அதாவது சுட்டது துருக்கிக்காரன்னு காட்டத்தான் சொன்னாரு, ஆனா இங்க கேட்டவங்களுக்கு அது வேற மாதிரி காதுல விழுந்துட்டு, ஹரமுக்குள்ள, அதாவது புனித எல்லைக்குள்ள, சண்டைய இழுத்துக்கிட்டு வந்தவன் நீதானவேன்னு. ஜூன் கடைசில லக்னோவுல முஸ்லிம் லீக் கவுன்சில் கூடி ஷெரீஃப் கூட்டத்த கண்டிச்சி தீர்மானமே போட்டாச்சி. சுதந்திரம் கேட்டதுக்காக யாரும் திட்டல தம்பி, யார் காசுல, எந்த ஊருல வச்சி கேட்டாருங்கறதுதான் சங்கதி.

காயல் கடக்கரை:

சார் சொல்றதுல தப்பு இல்ல, ஆனா அரபி பக்கமும் நின்னு பாக்கணும்ல? சிரியாவுல இருந்த துருக்கி தளபதி ஜமால் பாஷா 1916 மே 6ந்தேதி டமாஸ்கஸ்லயும் பெய்ரூட்லயும் நடுச்சந்தில அரபு ஆளுங்கள தூக்குல போட்டாரு, படிச்சவங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம். அதப் பாத்த அரபிக்கு கலீஃபா மேல பாசம் எங்கருந்து வரும்? இன்னொண்ணு வயிறு. மக்கா, மதீனா இருக்குற ஹிஜாஸ்ல என்ன வெளையும், பேரீச்சம்பழம் தவிர? எகிப்து கோதுமையும் நம்ம நாட்டு அரிசியும் கப்பல்ல போனாத்தான் அடுப்பு எரியும். செங்கடல்ல வெள்ளக்காரன் கப்பல மறிச்சான், பட்டினி. ஷெரீஃப் எந்திரிச்சதும் அரிசியும் வந்துச்சு துப்பாக்கியும் வந்துச்சு. கப்பல் ஏவாரம் பண்ண எங்க ஊருக்காரனுக்கு இது புஸ்தகம் படிக்காமலே வெளங்கும், கடல எவன் கைல வச்சிருக்கானோ அவன் சொன்னதுதான் வெல.

கடைசில ஏமாந்தது யாருன்னு பாருங்க. ஷெரீஃப் எந்திரிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாலயே, 1916 மே மாசம், பிரிட்டிஷ்காரன் சைக்ஸும் பிரெஞ்சுக்காரன் பிக்கோவும் அரபு நாட்டு மேப்ப விரிச்சி பென்சில்ல கோடு போட்டு பங்கு பிரிச்சாச்சி. அடுத்த வருசம் ரஷ்யாவுல புரட்சி பண்ணவங்க அந்த ரகசியத்த பேப்பர்ல போட்டு ஒடச்சாங்க, அதே 1917 நவம்பர்ல பாலஸ்தீனத்துல யூதங்களுக்கு தாயகம்னு பிரிட்டிஷ் மந்திரி பால்ஃபர் எழுதுன கடுதாசி வேற. கூலின்னு சொன்னா கூலியாவது முழுசா குடுத்திருக்கணும்ல.

சும்மாசுத்தி:

நூறு வருசத்துக்கு முந்துன பஞ்சாயத்து, இப்ப எதுக்குவே? தாமிரபரணில தண்ணி வருதான்னு பாருங்க.

மேலப்பாளையத்து மருமவ:

சும்மாசுத்தி அண்ணாச்சி, படிக்க புடிக்கலன்னா தாண்டிப் போங்க, அந்தப் புள்ள ஆசையா கேக்கு.

தம்பி, எல்லாரும் விட்ட ஒரு ஆள சொல்லுதேன். தேவ்பந்த் மதரசா பெரியவங்க மௌலானா மஹ்மூத் ஹசன். 1915ல ஹஜ்ஜுக்கு போனாவ, துருக்கி அதிகாரிங்களோட பேசி இந்தியாவுல வெள்ளக்காரன வெரட்ட வழி பாக்குற எண்ணமும் இருந்துச்சு. அவ்வொ அங்கன இருக்கும்போதே ஷெரீஃப் ஆட்சி வந்துட்டு. துருக்கிக்காரங்கள காஃபிர்னும் ஷெரீஃப் செஞ்சது சரின்னும் ஒரு ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, எழுதி கையெழுத்து கேட்டாங்க. மாட்டேன்னுட்டாவ. ஷெரீஃப் புடிச்சி வெள்ளக்காரன் கைல குடுத்துட்டாரு, மால்டா தீவுல ஜெயில், 1920லதான் விட்டாங்க, ஊருக்கு வந்த அதே வருசம் நவம்பர்ல மௌத்தாயிட்டாவ. ஹஜ்ஜுக்கு வந்த விருந்தாளிய, அதுவும் ஒரு ஆலிம, மக்காவுல வச்சி காட்டிக்குடுத்தா சனம் மறக்குமா சொல்லுங்க. லக்னோ தீர்மானத்த விட இதுதான் ஆறாத புண்ணுன்னு எனக்கு தோணுது.

அதுக்காக நம்மாளுங்க எல்லாரும் ஒரே கொரல்ல கத்துனாங்கன்னு நெனைக்காதீங்க. அதே நேரம் மெசபடோமியாவுல, இப்ப உள்ள ஈராக்குல, துருக்கிய எதுத்து சுட்ட பிரிட்டிஷ் படைல இந்திய முஸ்லிம் சிப்பாய்களும்தான் இருந்தாங்க. பெரிய மனுசங்க சிலரு சர்க்காருக்கு விசுவாசமாத்தான் இருந்தாங்க. வாய் தொறக்கக்கூடிய முஸ்லிம் தலைவர்களான அலி சகோதரர்கள 1915லயே புடிச்சி அடச்சாச்சி.

பேட்டைப்பையன்:

அக்கா, சார், காயல் காக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ இருக்கும்னு நெனைக்கல. ஒரே ஒரு டவுட்டு, நம்ம ஆளுங்க இப்பிடி கோவப்பட்டது வெள்ளக்காரனுக்கு தெரியாமலா இருந்துச்சு?

தென்காசி வாத்தியார்:

நல்லாவே தெரியும். அவனுக்குள்ளயே ரெண்டு கட்சி. கெய்ரோல உள்ளவன் ஷெரீஃப தூக்கி விடுன்னான், இந்திய சர்க்கார் வேணாம்டா, இங்க முஸ்லிம் கொந்தளிப்பான்னு ஆரம்பத்துலருந்தே மொனங்கிக்கிட்டுதான் இருந்துச்சி. 1916 கடைசில துருக்கிப்படை மக்கா பக்கம் எறங்கும்போல இருந்துச்சி, ராபிக் துறைமுகத்துல பிரிட்டிஷ் பட்டாளத்த எறக்கலாமா வேண்டாமான்னு மாசக்கணக்குல லண்டன்ல வாக்குவாதம், புனித மண்ணுல கிறிஸ்தவ பட்டாளம் கால் வச்சா இந்தியாவுல என்ன ஆவும்ங்கற பயமும் அதுல ஒண்ணு. கடைசில எறக்கல. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்துல வாற லாரன்ஸ் மாதிரி கொஞ்சம் ஆபீசர்ங்க, தங்கம், வெடிமருந்து, கப்பல், இதோட நிறுத்திக்கிட்டான். நாம படத்துல பாக்குற ஒட்டகச் சண்டைக்கு பின்னால நம்ம ஊரு முஸ்லிமோட கோவமும் ஒரு காரணமா இருந்திருக்குன்னா பாத்துக்கோ.

1919, 20ல கலீஃபாவ காப்பாத்தணும்னு இந்தியாவுல கிலாஃபத் இயக்கம் கெளம்புனப்ப கேட்டதும் அதுதான், புனித இடங்கள் கலீஃபா கைல இருக்கணும், நீ சொன்ன வாக்க காப்பாத்துன்னு. நீ பேட்டைக்காரன்தான, ஒங்க ஊர்ல பொறந்த காயிதே மில்லத் காந்தி கூப்ட்டாவன்னு காலேஜ் படிப்ப விட்டது அந்த அலைலதான். 1924 மார்ச்சுல துருக்கிக்காரனே கலீஃபா பதவிய ஒழிச்சிட்டான், ரெண்டே நாள்ல ஷெரீஃப் நான்தான் கலீஃபான்னு சொன்னாரு, இந்தியாவுல பெருசா யாரும் ஏத்துக்கல. அந்த வருசமே, பின்னால சவூதி அரேபியாவ உண்டாக்குன இப்னு சவூத் வந்து மக்காவ புடிச்சாரு, ஷெரீஃப் பதவிய விட்டுட்டு கடைசில சைப்ரஸ் போயி உக்காந்தாரு. வெள்ளக்காரன் மூச்சு விடல.

பேட்டைப்பையன்:

சார், இப்பதான் வாப்பாட்ட மாசம் ஒரு டன் தங்கம்னு சொன்னேன், பேப்பர எறக்கிட்டாவ. இன்னைக்கு வெலைக்கு பெருக்கிச் சொல்லுடேன்னு கால்குலேட்டர தேடிக்கிட்டு இருக்காவ.