ஒரே ஈயக் குண்டு: ஒரு குழல் சுத்தம், இன்னொன்றில் ஈயப் படிவு

வார்ப்பு_டெக்சஸ்: அவசர உதவி தேவை. நானே வார்த்த ஈயக் குண்டுகளை இரண்டு 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில் சுடுகிறேன். ஒன்றின் குழல் சுத்தமாக இருக்கிறது. மற்றொன்றில் ஈயம் பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டு குறி சிதறுகிறது. என்ன செய்யலாம்?

நேர்குறி: குண்டின் விட்டம் எவ்வளவு? படிவு தோட்டா அமரும் அறையின் பக்கமா, குழல் வாயின் பக்கமா? இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது, நண்பரே.

ஆன்டிமனி: ஈயம் மென்மையாக இருப்பதுதான் காரணம். ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனியைக் கூட்டி வார்த்தால் சரியாகிவிடும்.

பழைய_கை: குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தம் துப்பாக்கியின் கையேட்டைப் படிக்க வேண்டும். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் எப்படி இருக்கின்றன?

வார்ப்பு_டெக்சஸ்: சிக்கல் தரும் குழலில் கூர்விளிம்பு வரிகள் இல்லை, முனை மழுங்கிய அறுகோணம்போல் இருக்கிறது. குண்டு 0.355 அங்குலம். படிவு அறையை ஒட்டியே தொடங்குகிறது.

பழைய_கை: அப்படியானால் அது பலகோணக் குழல். இவ்வகைக் குழலுள்ள துப்பாக்கிகளைச் செய்யும் கிளாக் நிறுவனத்தின் கையேடு உறையற்ற ஈயக் குண்டு வேண்டாம் என்றே எச்சரிக்கிறது. படிவு ஏற ஏற அழுத்தம் கூடும், 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, அதைத் தாண்டினால் துப்பாக்கி வெடிக்கவும் கூடும்.

ஆன்டிமனி: ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் 19ஆம் நூற்றாண்டிலேயே அறுகோணக் குழலில் ஈயம் சுட்டாரே!

நேர்குறி: அவருடைய குண்டே குழலுக்குப் பொருந்தும் அறுகோணமாக வார்க்கப்பட்டது, கரிமருந்தின் அழுத்தமும் மிகக் குறைவு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது. கடினத்தைவிட விட்டமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து: 0.355 என்பது செம்பு உறைக் குண்டின் அளவு, ஈயத்துக்கு அது பெரும்பாலும் போதாது. குண்டு குழலை அடைக்காவிட்டால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்து, அறைக்கு முன்னாலேயே பூசிவிடும். நீங்கள் சொல்லும் அடையாளமும் அதுவே. மிகக் கடினமான கலவை அழுத்தத்தில் விரிந்து குழலை அடைப்பதில்லை என்பதால் ஆன்டிமனியைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழல் வழியே தட்டி இறக்கி அளந்துபாருங்கள். அதுவரை அதில் ஈயம் சுட வேண்டாம். படிவை நீக்கத் தூரிகையில் செம்பு நாரைச் சுற்றித் தேய்க்கலாம். தூளை மூச்சில் இழுக்காதீர்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.

ஆன்டிமனி: கலவையும் முக்கியம் என்பதில் நான் மாறவில்லை.

வார்ப்பு_டெக்சஸ்: அளந்தேன், குழல் 0.356. அந்தத் துப்பாக்கிக்கு இனி உறைக் குண்டு மட்டுமே, நன்றி.